தலைகள் பின்னால் வரும்

1

இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடங்கள் நிறைந்த செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரேயொரு கடிதம் வந்தது. வாழ்த்து மடல் அல்ல. வெளிநாட்டுப் பொதிகளைத் தடுத்து வைத்து யோசிக்கும் அலுவலகம் ஒன்று எழுதியிருந்தது. இலங்கையிலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு பொதி வந்திருக்கிறது. உள்ளே இருப்பதாக அனுப்பியவர் எழுதியது எங்களுக்கு விளங்கவில்லை. பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தரவும். கீழே அந்த வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்:

"பொம்மை உடல்கள், பதினொன்று. தலைகள் பின்னால் வரும்."

கடிதத்தை முதலில் வாசித்தது மகள் ஹனா. பதினேழு வயது. ஊரில் ஷோகேசுக்குள் பூட்டி வைத்திருக்கும் பீங்கான் கோப்பை மாதிரி அவளிடம் தமிழ் இருக்கிறது. ஆட்கள் வந்தால் மட்டும் வெளியே எடுப்பாள். அன்றைக்கு எடுத்தாள்.

"வாப்பா, நீங்க ஆரக் கொன்னீங்க?"

நாட்குறிப்பில் எழுதினேன்: செவ்வாய். மழை. இருபத்தைந்து வருடம். கடிதம் ஒன்று.

2

லண்டன் போனவன் என்ன செய்கிறான் என்று ஊரில் கேட்டால் சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு. வீடு வாங்கினான், கடை போட்டான், பள்ளிவாசல் நிர்வாகத்தில் சண்டை பிடித்தான். நான் இருப்பது லெஸ்டரில். ஊருக்கு அதுவும் லண்டன்தான். அந்த வரிசையில் நான் எங்கும் இல்லை. நான் பழைய பொம்மை சேர்க்கிறேன்.

நாற்பது வருடத்துக்கு முந்திய யப்பான் பொம்மைகள் மட்டும். அதில் இரண்டு வகை. ஒன்று, உருமாறும் ரோபோக்கள். லொறியாகவோ விமானமாகவோ இருப்பது, மூட்டுகளைத் திருப்பி மடித்தால் மனித உருவாக எழுந்து நிற்கும். மற்றது, மெல்லிய றப்பரில் வார்த்த பூதங்கள். கொம்பு, செதில், வால், தேவைப்பட்டால் மூன்றாவது கண். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் ஒரு வரி: இலக்கம், நிறம், இருக்கும் இடம், என்ன குறை. குறை என்ற நிரல்தான் நீளமானது. 'இடது முட்டிக்கை இல்லை.' 'மார்பு ஸ்டிக்கர் பாதி.' 'ஏவுகணை ஒன்று குறைவு, ஸ்பிரிங் வேலை செய்கிறது.' அறைக்குள் ஈரப்பதம் அளக்கும் கருவி இரண்டு வைத்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு இலக்கம் காட்டுவதால், எது பொய் சொல்கிறது என்று பார்க்க மூன்றாவதொன்று வாங்க உத்தேசம்.

தொழில், பண்டகசாலை ஒன்றில் சரக்குச் சரிபார்ப்பது. எட்டு மணித்தியாலம் அடுத்தவன் பெட்டிகளை எண்ணிவிட்டு வந்து என் பெட்டிகளை எண்ணுகிறேன். மனைவி ஸித்தி இதை நோய் என்று சொல்வதில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தால், "அவருக்கு அந்த அறைக்குள்ள கொஞ்சம் வேல இரிக்கி" என்பாள். மையித்து வைத்திருக்கும் சாவு வீட்டில் கதைக்கும் குரலில்.

கொப்பியில் இலக்கம் 1 வெறுமையாக இருக்கிறது. சேர்க்கத் தொடங்கிய நாளே 2 இலிருந்துதான் தொடங்கினேன். ஒன்றாம் இலக்கத்துக்கு உரியது ஊரில் இருந்தது.

3

எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். ஆகவே எங்கள் ஆண்பிள்ளை உம்மா வீட்டில் இருபத்துச் சொச்சம் வருடம் விருந்தாளி. மனைவி வீட்டில் மிச்ச வருடங்கள் விருந்தாளி. உடுப்புப் பையோடு போகலாம். பொம்மைப் பெட்டியோடு போக ஏலாது. நான் முயற்சி செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சாய்ந்தமருதில், ஸித்தியின் வீட்டு வாசலில், மாமி வழிமறித்தார்.

"மாப்புள என்ன, புள்ள பிறக்க முந்தியே விளையாட்டுச் சாமானோட வந்திரிக்கீங்க?"

"இது என்ட, மாமி."

"ஓம், ஒங்கடதான். ஒங்கட உம்மா வீட்டயே இரிக்கட்டும்."

கல்முனையில் உம்மா வீடு அதற்கு முன்பே என் ராத்தாவின் வீடாகியிருந்தது. ராத்தா என் அக்கா, என்னை விட ஐந்து வயது மூப்பு. வரிப்பத்தான்சேனை வயலிலிருந்து வரும் நெல் மூடைகளை அடுக்கும் வெளியறையில், மூடைகளுக்குப் பின்னால், பெட்டிக்கு இடம் தந்தார்.

பெட்டிக்குள் இருந்தவை எல்லாம் வாப்பா கொண்டுவந்தவை. வாப்பா சவூதியில் லொறி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கொரு லீவு. அங்குள்ள கடைகளில் யப்பான் பொம்மைகள் குவிந்து கிடந்த காலம் அது. பூதங்களின் கதை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. அதனால் நானும் ராத்தாவும் பெயர் வைத்தோம். எல்லாரையும் அதட்டும் பச்சை நிறக் கொம்பனுக்கு 'வட்டை விதானை'. வயலுக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் அந்த மனிதரைப் பார்த்தால் உங்களுக்கும் அதே பெயர்தான் தோன்றியிருக்கும். பிற்காலத்தில் அதன் உண்மையான யப்பானியப் பெயரை இரண்டு வருடம் தேடிக் கண்டுபிடித்தேன். பொருந்தவேயில்லை.

கடைசி லீவில் வந்தது சிவப்பு லொறி. எட்டு அசைவில் மனிதனாகும். "நான் ஓட்டுறது இப்பிடித்தான், ஆனா எழும்பாது" என்றார் வாப்பா. வந்த மாதமே வலது முட்டிக்கை கழன்று கிணற்றுக்குள் விழுந்தது. அடுத்த லீவுக்கு வாப்பா வரவில்லை. அங்கேயே அடக்கினார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது.

அதே லொறி, கை இரண்டோடும் பெட்டியோடும், இங்கே மூன்று தடவை கண்ணில் பட்டது. வாங்கவில்லை. இந்த இருபத்தைந்து வருடத்தில் இரண்டு தடவை ஊருக்குப் போனேன். இரண்டு தடவையும் லொறியைக் கொண்டுவருவதாகத் தீர்மானித்து, அரிசி மாவும் மாசிக் கருவாடும் கொண்டுவந்தேன். பயணப் பையின் நிறையை முடிவுசெய்வது மாமி வீடு.

4

கடிதம் வருவதற்கு ஏழு வாரம் முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்தா அழைத்தார்.

"தம்பி, வெளியறைய இடிக்கப்போறம். றிஸ்னாட அறையோட சேத்து பாத்றூம் கட்டணுமாம். மாப்புள வீட்டார் கேட்டிரிக்காங்க."

றிஸ்னா ராத்தாவின் மகள். வீடு இப்போது அவளுக்குக் கைமாறுகிறது.

"அப்ப என்ட பெட்டி?"

"அதுக்குத்தான் எடுத்தன். பெட்டிய உள்ளுக்க கொண்டுவந்து வெச்சன். வெச்சிட்டு யோசிச்சன். உருவம் இரிக்கிற வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க, ஒனக்குத் தெரியும்தானே. புதுசா கலியாணம் முடிக்கிற புள்ளைகள்." அருள் கொண்டுவரும் வானவர்கள் நுழையாத வீட்டை மகளுக்குக் கொடுக்க அவருக்கு மனமில்லை.

"வெளிய எங்கயாவது வைக்க ஏலாதா?"

"மழ பெய்யிது. நனைஞ்சா நீ கத்துவாய். அதால தலையெல்லாம் கழட்டிட்டன்."

"கழட்டினீங்களா?"

"தலை இல்லாட்டி உருவம் இல்லையாம். பள்ளி மௌலவிக்கிட்டயும் கேட்டுட்டன்" என்றார் ராத்தா, என் கேள்வியை மார்க்கச் சந்தேகமென்று எடுத்துக்கொண்டு.

"லொறி, ராத்தா? லொறிய என்ன செஞ்சீங்க?"

"லொறிக்கு என்ன? லொறி லொறிதானே."

"அது திறந்தா மனிசன்."

"திறக்காட்டி?"

"லொறி."

"அப்ப லொறிதான். அதையும் மௌலவிக்கிட்ட காட்டினன். பாவம், அவர் அத மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே இருந்தார். மறுகா அஸர் தொழுகைக்கு நேரமாச்சி எண்டு எழும்பிட்டார். தீர்ப்பு ஒண்டும் சொல்லல்ல. திருப்பித் தரக்குள்ளதான் மனசில்லாமத் தந்தார்."

பிறகு கேட்டார்: "கலியாணத்துக்கு வாறாய்தானே?"

"லீவு இல்ல ராத்தா."

கணக்கில் பதினொரு நாள் லீவு இருந்தது. அதைப் பேர்மிங்ஹாமில் நடக்கும் பழைய பொம்மைச் சந்தைக்காகவும், அதற்கு முன்னும் பின்னும் பெட்டி கட்டி அவிழ்ப்பதற்காகவும் ஒதுக்கி வைத்திருந்தேன்.

5

அடுத்த நாள் ராத்தாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். நாலு நிமிடம். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். பழைய பொம்மையில் தலைதான் முக்கியம் என்பதை, பரீட்சைக்குத் தோற்றுபவருக்குப் பாடம் எடுப்பது போல வரிசையாக விளக்கினேன். கீரை அரியும் கத்தியால் கழுத்தறுக்கப்பட்ட பூதத்தை உலகில் எவரும் சேர்ப்பதில்லை என்றேன். அறியாமை ஒரு குற்றமல்ல, ஆனால் கேட்டிருக்கலாம் என்றேன். அந்த வசனத்தை இரண்டு தடவை ஒத்திகை பார்த்துச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து பதில் வந்தது. "சரி." பக்கத்தில் ஒரு பெருவிரல்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. ஸித்திதான் கலியாண விசயங்களைக் கேட்டுச் சொன்னாள். சேலை எடுத்தார்கள். பாத்றூமுக்கு ஓடு பதித்தார்கள். லொறி பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மன்னிப்பும் சேர்த்துக் கேட்கவேண்டி வரும். அந்தப் படிவத்தை நான் இன்னும் நிரப்பியிருக்கவில்லை.

6

உடல்களைப் பற்றிய கடிதம் வந்த அதே வாரம் சனிக்கிழமை தலைகள் வந்தன. ஊருக்குப் போய் லெஸ்டருக்குத் திரும்பிய மாவடிப்பள்ளிக்காரன் ரஸீன், என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பவன், ஒரு பால்மா டின்னோடு வாசலில் நின்றான்.

"காக்கா, இதுக்குள்ள என்ன? ஏப்போட்ல ஸ்கேன் பண்ணின பொம்புள திரையப் பாத்தா, என்னப் பாத்தா, மறுகாலும் திரையப் பாத்தா. இன்னொரு ஆளையும் கூப்பிட்டுக் காட்டினா. ரெண்டு பேரும் சிரிச்சிட்டு போகச் சொன்னாங்க. நான் யாசீன் ஓதிக்கிட்டே வந்தன்."

டின்னுக்குள் பதினொரு தலைகள். ஒவ்வொன்றும் பத்திரிகைத் துண்டில் சுற்றி, நூலால் கட்டி, இலக்கமிட்டு. மேலே ஒரு கொப்பித்தாள், ராத்தாவின் எழுத்து:

"1. வட்டை விதானை. கொம்பு ஒண்டு நுனி முறிஞ்சது. அது நீ முறிச்சது, நான் இல்ல.
2. மூணு கண்ணன்.
3. சின்ன வாயன். வாய்க்குள்ள நீ ஒட்டின சுவிங்கம் இன்னும் இரிக்கி. எடுக்கல்ல."

இப்படியே பதினொன்று வரைக்கும். எங்கள் வீட்டில் பட்டியல் போடும் ஆள் நான் மட்டும்தான் என்று ஐம்பது வயது வரை நம்பியிருந்தேன்.

தலைகளைத் திருப்பிப் பார்த்தேன். பூதக்கண்ணாடியாலும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. இந்த வகைப் பூதங்களின் தலை ஒட்டப்பட்டதல்ல. கழுத்தில் ஒரு விளிம்பு உடலுக்குள் இறங்கியிருக்கும். சுடுதண்ணீரில் சில நிமிடம் வைத்தால் றப்பர் இளகும். முறுக்கினால் காயமில்லாமல் கழலும், அதேபோல ஏறும். இந்த இரகசியத்தை நான் ஒரு யப்பானியச் சேகரிப்பாளருக்கு ஆறு மாதம் கடிதம் எழுதிக் கற்றுக்கொண்டேன். அவர் அதைச் சொல்லுமுன் என் தகுதியை விசாரித்தார்.

ராத்தாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"ஆ, தம்பியா? இண்டைக்கும் நாலு நிமிசமா?"

"ராத்தா, தலைய எப்பிடிக் கழட்டினீங்க?"

"கோழி உரிக்க சுடுதண்ணில முக்கி எடுக்கிறதில்லையா? அப்பிடித்தான். கத்தி வெச்சா நீ சின்னப் புள்ள மாதிரி அழுவாய் எண்டு தெரியும். கத்தி வெக்காமலும் அழுதாய்."

"நான் அப்பிடிக் கதைச்சிருக்கப்படாது."

"ஓம்."

அதற்கு மேல் அவர் உதவி செய்யவில்லை. நானே வேறு கேள்விக்குத் தாவினேன். உடலும் தலையும் ஏன் வேறு வேறாக அனுப்பினார்?

"ஒண்டாப் போட்டா அது மறுகாலும் உருவம்தானே. வழியில ஆரார்ட வீட்ட தங்குமோ எனக்குத் தெரியுமா? ரஸீன்ட உம்மா பாவம், அஞ்சு நேரமும் தொழுற மனிசி."

"லொறி எதுக்குள்ள வருது?"

"லொறி வராது."

"ராத்தா—"

"லொறி வேணுமெண்டா வந்து எடு. வாப்பா பெட்டிய ஆர்ட்டயும் குடுத்து அனுப்பல்ல. அவரேதான் கொண்டுவந்தார்." தொலைபேசியை வைத்துவிட்டார்.

7

அலுவலகத்துக்கு விளக்கம் சொல்ல மறு வேலைநாள் தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். கிடைத்த உத்தியோகத்தருக்கு என்னுடைய மிகச் சிறந்த ஆங்கிலத்தில், அடியிலிருந்து தொடங்கினேன்: றப்பர், வார்ப்பு முறை, கழுத்து விளிம்பு. அவர் மூன்று தடவை 'உடல்கள்' என்று திருப்பிக் கேட்டார். நான் மூன்று தடவையும் 'ஆம், உடல்கள், தலைகள் என் வீட்டில் பாதுகாப்பாக இருக்கின்றன' என்றேன். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

ஹனா தொலைபேசியை என் கையிலிருந்து பிடுங்கினாள். அவளுடைய ஆங்கிலம் இரண்டு வசனம். அப்பாவின் பழைய பொம்மைகள். அத்தைக்குச் சமயக் காரணங்கள்.

"ஓ, அப்படியா" என்றார் உத்தியோகத்தர். நாலு நாளில் பொதி வந்தது.

இருபத்தைந்து வருடம் நான் இந்த நாட்டின் மொழியைக் கற்றேன். அவள் இந்த நாட்டைக் கற்றிருக்கிறாள். இரண்டு வசனத்துக்கு மேல் எதையும் விளக்காதவர்களைத்தான் இங்கே நம்புகிறார்கள்.

உடல்கள் பதினொன்றும் இலக்கமிட்டு வந்திருந்தன. சமையலறையில் கேத்தலைக் கொதிக்கவைத்து ஒவ்வொன்றாகத் தலை ஏற்றினேன். ஹனா பக்கத்தில் நின்று பட்டியலை வாசிக்க முயன்றாள். தமிழ் எழுத்து அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். "வட்...டை... வி...தா...னை. ஆர் இது?" சொன்னேன். வாய்க்கால், மடை, தண்ணீர் முறை எல்லாம் சொன்னேன். இரண்டு வசனம் தாண்டிவிட்டது. அவள் போகவில்லை, இது எனக்கு ஆச்சரியம்.

அன்று பேர்மிங்ஹாம் சந்தைக்கு எழுதி, அங்கே எனக்கு ஒதுக்கிய விற்பனை மேசையை இரத்துச் செய்தேன். பதினொரு நாள் லீவையும் எடுத்தேன்.

"லொறிக்காகப் போறீங்களா, கலியாணத்துக்காகவா?" என்று கேட்டாள் ஹனா.

"கலியாணத்துக்கு."

"ஓ, அப்படியா" என்றாள், அந்த உத்தியோகத்தரின் குரலில்.

8

கலியாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வந்தார், வீட்டுக்குள் போனார், விருந்தாளியானார். அவருடைய கையில் உடுப்புப் பை ஒன்று மட்டும் இருந்ததைக் கவனித்தேன். வேறு பெட்டி ஏதாவது உம்மா வீட்டில் விட்டு வந்தாரா என்று கேட்க நினைத்து, முதல் நாளே வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

லொறி ஷோகேசின் இரண்டாம் தட்டில், பீங்கான் கோப்பைகளுக்கும் மக்காவிலிருந்து வந்த கடிகாரத்துக்கும் நடுவில், சட்டப்படி நின்றது. மூன்றாம் நாள் பின்னேரம் ராத்தா கண்ணாடிக் கதவைத் திறந்தார்.

"எடு. துறக்கிறதெண்டா வெளிய போய்த் துற."

கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். கூடவே ராத்தாவும் வந்தார். எனக்குப் பயமாக இருந்தது. கடல் இரண்டு தெரு தள்ளி. வாசலின் இரும்புக் கேற் சில வருடத்தில் பொரிந்து கொட்டும் காற்று. அந்த லொறியின் மூட்டு ஒவ்வொன்றிலும் ஒரு இரும்பு ஆணி. நாற்பது வருடம். ஆணி துருப்பிடித்திருந்தால் முதல் அசைவிலேயே பிளாஸ்டிக் வெடிக்கும். இப்படி வெடித்தவை பற்றி என் கொப்பியில் பதினாறு வரிகள் உண்டு. திறக்காமலே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு சாரதி ஆசனப் பகுதியை மெதுவாக மேலே தள்ளினேன்.

எழுந்தது. சத்தமே இல்லை. பின் சில்லுகள் பிரிந்து கால்களாயின. பக்கத் தகடு திரும்பிக் கையானது. தலை வெளியே வந்தது. வலது முட்டிக்கை இல்லாமல் கிணற்றுக் கட்டின் மேல் நிமிர்ந்து நின்றது. விரலை முகர்ந்து பார்த்தேன். தையல் மெஷின் எண்ணெய்.

"என்ன மணந்து பாக்காய்?" என்றார் ராத்தா. "வருசத்துக்கு ஒருக்கா எண்ணெய் போட்டுத் துறந்து மூடுறதான். வாப்பாட ஆண்டுக் கத்தம் ஓதி, சோறு குடுத்து, ஆக்களெல்லாம் போனாப்பொறகு. இந்தக் கிணத்துக் கட்டிலதான். உள்ளுக்க ஒரு நாளும் துறந்ததில்ல."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீ எங்க கேட்டாய்? தலையத்தானே கேட்டாய், நாலு நிமிசமா."

பள்ளியில் அஸருக்குப் பாங்கு ஒலித்தது. "சரி, மடி. உள்ளுக்க வைக்கணும்" என்றார் ராத்தா.

மடிக்கத் தொடங்கினேன். கால்களைச் சேர்த்தேன். கை உள்ளே போகவில்லை. கையை முதலில் மடித்தேன், தலை தடுத்தது. இருநூற்றுப் பதினான்கு பொம்மைகளின் உடைமையாளன், பேர்மிங்ஹாமில் தனி மேசை உள்ளவன், கிணற்றடியில் நின்று ஒரு லொறியை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தேன். மௌலவிக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது. ராத்தா அதை என் கையிலிருந்து எடுத்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, "றிஸ்னா, தேத்தண்ணிக்கு சீனி கூடப் போடாத, மாமாக்கு சீனி வருத்தம்!" என்று சத்தம் போட்டுக்கொண்டே மடித்தார். எட்டு அசைவு. லொறியைப் பார்க்கவேயில்லை.

"இந்தா. பேக்குக்குள்ள வை."

"இல்ல ராத்தா. ஒங்கட்டயே இரிக்கட்டும்."

"ஏன், தலையில்லாததுகளோட இரிக்கத்தான் ஒனக்கு விருப்பமா?" என்று கேட்டுவிட்டு, லொறியை முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கொப்பியை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். வெறுமையாக இருந்த வரியை அங்கேயே நிரப்பினேன். இலக்கம் 1. லொறி, சிவப்பு. வலது முட்டிக்கை கிணற்றுக்குள். மூட்டுகள் எல்லாம் வேலை செய்கின்றன. இருக்கும் இடம்: கல்முனை, றிஸ்னாவின் வீடு, ஷோகேஸ், இரண்டாம் தட்டு. குறை: உரிமையாளருக்கு மடிக்கத் தெரியாது.